ஆழ்கடல் சேறு எதைச் சொல்கிறது? டெல்டா மக்கள் அடிக்கடி கேட்ட கேள்விகளும் பதில்களும்

நிலவியல் கற்பித்த ஆண்டுகளிலும், பணி ஓய்வுக்குப் பிறகு மயிலாடுதுறை, நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பேசப் போன இடங்களிலும், ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் என்னிடம் திரும்பத் திரும்ப வந்தன. மாணவர்கள் கேட்டார்கள், போர்வெல் போடுகிறவர்கள் கேட்டார்கள், கடலுக்குப் போகிறவர்களும் கேட்டார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

கடலுக்கு அடியில் இருப்பது வெறும் சேறுதானே சார், அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

கொள்ளிடத்தின் நடுவில் ஒரு கைப்பிடி, குறுவை வயலில் ஒரு கைப்பிடி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒரு கைப்பிடி என்று மூன்று மண்ணை எடுத்து, இடத்தைச் சொல்லாமல் ஒரு விவசாயியிடம் கொடுத்தால், எது எங்கிருந்து வந்தது என்று அவர் விரலால் தேய்த்தும் முகர்ந்தும் சொல்லிவிடுவார். நீர் ஓடிய இடத்தில் மணலும், நீர் நின்ற இடத்தில் வண்டலும், காற்றுப் புகாத இடத்தில் கறுத்த நாற்றச் சேறும் படிகின்றன. ஆழ்கடல் சேற்றைப் படிப்பதும் இதே அறிவுதான். விரலுக்கும் மூக்குக்கும் பதிலாக நுண்ணோக்கியும் வேதியியல் கருவிகளும் வந்திருக்கின்றன.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சேற்றில் இருக்கும் ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு ஊர் உண்டு: பிறந்த ஊர் ஒன்று, வந்து படிந்த ஊர் ஒன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் பிறக்கின்றன. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்தக் குழப்பத்தைச் சுற்றியவை.

அவ்வளவு ஆழத்துக்குச் சேறு எங்கேயிருந்து வருகிறது?

ஆறுகள் கொண்டுவரும் வண்டல், காற்றில் பறந்து வரும் பாலைவனத் தூசி, எரிமலைச் சாம்பல், கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள், கடல்நீரிலிருந்தே பிரிந்து படியும் உலோகப் படிவுகள் ஆகியவை முக்கியமானவை. எந்த இடத்தில் எது மிகுந்திருக்கிறது என்பதே அந்த இடத்தைப் பற்றிய முதல் செய்தி.

மிக மெல்லிய களித்துகள் ஒன்று தனியாக விழுந்தால், நான்கு கிலோமீட்டர் ஆழத்தைக் கடக்கப் பல பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீரோட்டம் அதை எங்கோ கொண்டுபோய்விடும். அப்படியானால் மேலே வாழ்ந்தவற்றுக்கும் கீழே படிந்தவற்றுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. ஆனால் இருக்கிறது, ஏனென்றால் துகள்கள் தனித்தனியாக விழுவதில்லை. கலங்கிய ஆற்றுநீர்க் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டால் மண் திரண்டு அடியில் இறங்குவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். கடலில் நுண்ணுயிர்களின் பிசினும் சிறு விலங்குகளின் எச்சமும் அந்த வேலையைச் செய்கின்றன. திரண்ட துகள்கள் சில வாரங்களிலேயே தரையை அடைந்துவிடுவதால், அடியில் இருக்கும் சேறு தனக்கு நேர் மேலே இருந்த கடலைப் பற்றிப் பேசத் தகுதி பெறுகிறது.

எவ்வளவு வேகமாகச் சேரும்? நம் வயலில் ஒரு வெள்ளத்திலேயே ஒரு சாண் ஏறிவிடுகிறதே.

நிலத்திலிருந்து வெகு தொலைவில் உள்ள ஆழ்கடல் களி 1000 ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் சேரும். சுண்ணாம்பு ஓடுகள் நிறைந்த சேறு 1000 ஆண்டுகளுக்கு 1 முதல் 5 சென்டிமீட்டர் வரை சேரும். 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் நீளமுள்ள ஒரு மாதிரியில் 5 லட்சம் ஆண்டுகள் அடங்கிவிடும். ஆற்று முகத்துக்கு எதிரே, கரையோர ஆழமில்லாக் கடல் முடிந்து தரை ஆழத்துக்குச் சரியும் கண்டச்சரிவில் இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சேரும்.

இந்த மந்தமே ஒரு சான்றாகவும் உதவும். மத்திய இந்தியப் பெருங்கடலில், 5 கிலோமீட்டர் ஆழத்தையொட்டி, மாங்கனீசு முண்டுகள் உருளைக்கிழங்கு போலத் தரையில் கிடக்கின்றன. அங்கே 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. அந்த முண்டுகள் 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சேறு வேகமாகக் குவியும் இடத்தில் அவை வளர்வதற்கு முன்பே புதைந்துபோகும். ஆகவே பழைய படிவுகளில் முண்டுகள் கிடைத்தால், அங்கே நெடுங்காலம் ஏறத்தாழ எதுவுமே வந்து விழவில்லை என்று கொள்ளலாம்.

கிலோமீட்டர் கணக்கான ஆழத்திலிருந்து சேற்றைக் கலைக்காமல் எப்படி எடுக்கிறார்கள்?

மேலே பாரம் கட்டிய நீண்ட குழாயைக் கம்பிவடத்தில் இறக்கித் தரையில் குத்துவதே எளிய முறை. குழாய்க்குள் ஒரு பிஸ்டன் இருந்தால் சேறு நசுங்காமல் நீளமாக ஏறும். நூற்றுக்கணக்கான மீட்டர் வேண்டுமென்றால் துளையிடும் கப்பல் வேண்டும். மேலே வந்த மண் உருளையைக் ‘கோர்’ என்பார்கள். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் ஆவணமாக வைத்துவிட்டு, மறுபாதியிலிருந்தே மாதிரி எடுப்பார்கள். இந்தியப் பெருங்கடலில் பன்னாட்டுத் துளையிடல் பயணங்கள் எடுத்த கோர்கள் ஜப்பானின் கோச்சி நகரில் உள்ள குளிர்க் கிடங்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. பிளந்தவுடன் படம் எடுத்து நிறத்தைக் குறித்துக்கொள்வது முக்கியம். இரும்பு சல்ஃபைடால் கறுத்த சேறு காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே வெளிறத் தொடங்கிவிடும்.

ஆழ்கடல் சேற்றில் எத்தனை வகை இருக்கிறது?

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் கொண்டுவந்த மாதிரிகளை ஆராய்ந்து, ஜான் மரேயும் ரெனாரும் 1891இல் வெளியிட்ட வகைப்பாடே இன்றும் அடிப்படை. நுண்ணுயிர் ஓடுகள் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதை ‘ஊஸ்’ என்பார்கள். நான் இங்கே உயிர்ச்சேறு என்கிறேன். ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிர்களின் ஓடும், காக்கோலித் எனப்படும் நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகளும் நிறைந்தது சுண்ணாம்பு உயிர்ச்சேறு. டயாட்டம் என்னும் நுண்பாசி, ரேடியோலேரியா என்னும் ஒற்றைச்செல் உயிர் ஆகியவற்றின் கண்ணாடி போன்ற ஓடுகள் நிறைந்தது சிலிக்கா உயிர்ச்சேறு. இரண்டும் இல்லாமல் மென்களி மட்டும் இருந்தால் அது செங்களி. இவற்றோடு, நிலத்திலிருந்து சரிந்து வந்த மணல், வண்டல் அடுக்குகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிலிக்கா உயிர்ச்சேறு பெரும்பாலும், ஆழத்திலிருந்து சத்துநீர் மேலெழுந்து உயிர்கள் பெருகும் பகுதிகளுக்கு அடியில் படிகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள டயாட்டம் வளையம் இதற்குப் பெயர்பெற்றது. ஆகவே சேற்றின் வகையைச் சொன்னாலே மேலிருந்த கடலின் வளத்தையும் ஓரளவு சொன்னதாகிறது.

சுண்ணாம்பு ஓடு கடலில் கரையும் என்கிறீர்கள். நம் கடற்கரையில் கிளிஞ்சல் கரைவதில்லையே?

நம் கரையில் உள்ள கடல்நீர் வெதுவெதுப்பானது. அதில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. ஆழத்து நீர் குளிர்ந்தது, அழுத்தம் மிக்கது. மேலிருந்து விழும் உயிர்ப்பொருள் மட்குவதால் கரியமில வாயுவும் அதில் கூடுதலாக இருக்கிறது. இந்த மூன்றும் சேரும்போது, எலுமிச்சைச் சாற்றில் போட்ட முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு கரைகிறது. பொதுவாக 4 முதல் 5 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு ஓடு எதுவும் எஞ்சுவதில்லை. இந்த எல்லையைச் சுண்ணாம்பு ஈட்டு ஆழம் என்பார்கள். இதற்கு மேலே வெண்மையான உயிர்ச்சேறும் கீழே செங்களியும் படிவதால், பழைய படிவு ஒன்றில் எது இருக்கிறது என்று பார்த்து அக்காலத்து ஆழத்தை மதிப்பிடலாம்.

அப்படியானால் வெள்ளைச் சேற்றுக்கு மேலே திடீரென்று செங்களி வந்தால், கடல்தரை ஆழமாகிவிட்டது என்று எழுதலாமா?

இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டானது. மேலே சொன்ன பதிலை அப்படியே நம்பினால் விழக்கூடிய குழி இதுதான். ஈட்டு ஆழம் நிலையான கோடன்று. கடல்நீரின் வேதியியல் மாறும்போது அது மேலேறும், கீழிறங்கும்.

தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் முகட்டில் 2003இல் எடுத்த கோர்களில், 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் வெண்சேறு சட்டென நின்று செம்பழுப்புக் களி தொடங்குகிறது; பிறகு மெல்ல மெல்ல வெண்மை திரும்புகிறது. இன்று 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் இடத்திலும் 4.8 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் இடத்திலும் அதே காலத்தில் அதே மாற்றம் தெரிகிறது. வெவ்வேறு ஆழத்தில் இருந்த தரைகள் எல்லாம் ஒரே நாளில் முடிவுசெய்துகொண்டது போலச் சேர்ந்து தாழ்ந்து, சேர்ந்து எழுந்திருக்க முடியாது. பெருமளவு கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து, கடல் அமிலத்தன்மை பெற்று, கரையும் எல்லை மேலேறியதே காரணம். ஒரே இடத்தின் கோரை வைத்து எழுதியிருந்தால் இதைத் தவறாகவே எழுதியிருப்போம்.

செங்களி, கருங்களி என்று நிறத்தை வைத்து என்ன தெரியும்?

நெல்வயலைப் பாருங்கள். தண்ணீர் கட்டிய சேறு சாம்பலும் கறுப்புமாக இருக்கிறது. அதே சேற்றில் நெல்வேர் ஓடிய தடத்தில் மட்டும் துருநிறக் கோடு தெரிகிறது. வேர் வழியாக இறங்கிய உயிர்வளி (ஆக்சிஜன்) அங்கே இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. ஆழ்கடல் செங்களியின் நிறமும் அந்தத் துருதான். துருவங்களருகே குளிர்ந்து கனத்து இறங்கும் நீர் உயிர்வளியை அடித்தரைவரை கொண்டுவருகிறது. சேறோ மிக மெதுவாகச் சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு துகளும் புதைவதற்கு முன் நெடுங்காலம் உயிர்வளியில் நனைகிறது.

உயிர்வளி இல்லாத இடத்தில் உயிர்ப்பொருள் மட்காமல் எஞ்சிக் கறுக்கிறது; பைரைட் என்னும் இரும்புக் கந்தகம் நுண்ணிய உருண்டைகளாக உருவாகிறது. முத்துப்பேட்டைச் சேற்றை மிதிக்கும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் இந்த வேதிவினையின் அடையாளம். மாலிப்டினம், யுரேனியம் போன்ற தனிமங்களும் இத்தகைய சேற்றில் கூடுகின்றன. நிறம் புதைந்த பிறகும் மாறக்கூடியது என்பதால், நிறத்தைச் சொன்னதோடு நிறுத்தாமல் இந்தத் தனிமங்களையும் அளந்து பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள்.

புழு துளைத்த சேற்றால் என்ன பயன்? எல்லாம் கலந்துவிடாதா?

மேல் 10 சென்டிமீட்டர் அளவு கலந்துதான் போகிறது. ஒரு நூற்றாண்டுச் செய்தியை ஆழ்கடல் உயிர்ச்சேற்றில் தேட முடியாததற்கு இதுவே காரணம். ஆனால் அந்தத் துளையே ஒரு சான்று. துளை இருந்தால் அங்கே மூச்சுவிட உயிர்வளி இருந்தது என்று பொருள். காகிதம் அடுக்கியது போலக் கலையாத மெல்லிய வரிகள் இருந்தால், புழுகூட வாழ முடியாத அளவுக்கு உயிர்வளி குறைந்திருந்தது என்று பொருள். அரபிக்கடலில் ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 1200 மீட்டர் வரை உயிர்வளி மிகக் குறைந்த நீர்ப்படலம் இருக்கிறது. அது கண்டச்சரிவைத் தொடும் இடங்களில் இத்தகைய வரிச்சேறு கிடைக்கிறது. துளையின் வடிவமும் பேசும். அலை அடிக்கும் மணலில் உயிர்கள் பாதுகாப்புக்காக நேர்க்குத்தாகத் துளைக்கின்றன. இரை அரிதான அமைதியான ஆழத்தில், ஒரு துளி இடத்தையும் விடாமல் மேய்வதற்காக வளைந்து வளைந்து கோலம் போட்டது போலச் செல்கின்றன. இந்த வேறுபாட்டை முறையாக வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் சைலாக்கர்.

அந்த நுண்ணுயிர்களின் பொடி ஓடுகளை வைத்துப் பழைய காலத்து மழையைச் சொல்ல முடியும் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் வழி சற்றுச் சுற்றியது. நீரில் உள்ள ஆக்சிஜனில் எடை குறைந்த 16 என்ற வகையும் எடை கூடிய 18 என்ற வகையும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது இலகுவானது முந்திக்கொண்டு எழுகிறது. பனியுகத்தில் அந்த இலகு நீர் கண்டங்களின் மேல் பனிப்பாளமாக உறைந்து நின்றுவிட, கடலில் கனமானதன் பங்கு கூடியது. ஃபொராமினிஃபெரா தன் ஓட்டைக் கடல்நீரிலிருந்தே கட்டுவதால், இந்த விகிதம் ஓட்டில் பதிகிறது. நீரின் வெப்பம் குறைந்தாலும் ஓட்டில் கனமான வகை கூடும். ஹரால்ட் யூரி 1947இல் இதன் அடிப்படையை விளக்கினார். செசாரே எமிலியானி 1955இல் ஆழ்கடல் கோர்களில் இதை அளந்து பனியுகங்கள் வந்து போன வரிசையைக் காட்டினார்.

வங்கக்கடலில் இன்னொரு செய்தியும் சேர்கிறது. மழைநீரும் ஆற்றுநீரும் இலகுவானவை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் நன்னீரைக் கொட்டும் இக்கடலில், பருவமழை பெருகினால் மேல்நீரின் உப்பு குறைகிறது; அந்த நீரில் கட்டிய ஓட்டிலும் இலகுவான ஆக்சிஜனின் பங்கு கூடுகிறது. ஆக, ஓட்டில் உள்ள ஒரே எண்ணில் பனியும் வெப்பமும் மழையும் கலந்து கிடக்கின்றன. வெப்பத்தைப் பிரித்தெடுக்க, அதே ஓட்டில் மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். வெப்பமான நீரில் மக்னீசியம் கூடுதலாக ஏறும். உலகப் பனியின் பங்கைத் தனியே கழித்துவிட்டால் எஞ்சுவது உப்பு, அதாவது மழை. இப்படிப் பார்த்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகத்தின் உச்சத்தில் தென்மேற்குப் பருவமழை நலிந்திருந்ததும், பிறகு 9000 ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் அது இன்றைவிட வலுத்திருந்ததும் தெரிந்தன.

குடகில் பெய்து காவிரியாக வருவது இந்தத் தென்மேற்கு மழைதான். நம் சம்பாவை நனைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையை இதே முறையில் பிரித்தெடுப்பது கடினம். பெரிய ஆறுகளின் நன்னீர்க் குரல் அதை அமுக்கிவிடுகிறது.

ஆழ்கடலில் ஆற்று மணல் கிடைத்தால், அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்றுதானே பொருள்?

இல்லை. முதல் பதிலில் சொன்ன இரண்டு ஊர்களை இங்கே நினைவுகொள்ள வேண்டும். கரையோரத்தில் குவிந்த மணலும் சேறும் நிலநடுக்கத்தாலோ தன் பாரத்தாலோ சரியும்போது, நீரோடு கலந்து கனத்த கலங்கல் வெள்ளமாகி, கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே ஆழத்துக்குப் பாய்கிறது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலம் நடுங்கியபோது, கடலடித் தந்தி வடங்கள் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 13 மணி நேரம் அறுந்துகொண்டே போயின. அதற்குக் காரணம் இந்தக் கலங்கல் வெள்ளமே என்று 1952இல் ஹீசனும் யூவிங்கும் விளக்கினார்கள்.

இதன் படிவை அடையாளம் காண்பது நமக்குக் கடினமில்லை. கரை உடைத்துக்கொண்டு வயலில் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகு வெட்டிப் பாருங்கள்: அடியில் பருமணல், அதன் மேல் நுண்மணல், உச்சியில் வழவழப்பான வண்டல். ஆழ்கடலிலும் அதே வரிசை, அடியில் கூர்மையான எல்லையோடு கிடைக்கும். 1962இல் அர்னால்ட் பௌமா இந்த வரிசையை ஐந்து படிகளாக வகுத்தார். ஆற்றுப் படிவானால் வேர்த்தடமும் காய்ந்து வெடித்த தடமும் இருக்கும். கலங்கல் படிவிலோ, மணலுக்கு மேலும் கீழும் ஆழ்கடல் ஃபொராமினிஃபெரா கொண்ட களி இருக்கும். மணலைவிட அதற்கு இடைப்பட்ட களியே இடத்தைப் பற்றிய நம்பகமான சாட்சி.

நம் காவிரி மண் அவ்வளவு தூரம் போகிறதா?

சிறிதளவே போகிறது. காவிரியின் வண்டலில் பெரும்பங்கு டெல்டாவிலும், கரையை ஒட்டி ஆழம் குறைந்து கிடக்கும் கடல்தரையான கண்டத்திட்டிலும் தங்கிவிட்டது. 1934இல் மேட்டூர் அணை கட்டிய பிறகும், மேலே மற்ற அணைகள் வந்த பிறகும் கடலை எட்டுவது இன்னும் குறைந்துவிட்டது. நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, 3000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வங்கக்கடலின் தரையில் கிடக்கும் சேற்றில் பெரும்பகுதி இமயமலையிலிருந்து வந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஊட்டிய வங்க விசிறிப் படிவு ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளமுடையது. உலகிலேயே பெரிய கடலடி விசிறி அதுதான்.

எது எவருடையது என்று பிரிப்பதற்குக் களிக்கனிமங்கள் உதவுகின்றன. இல்லைட்டும் குளோரைட்டும் மிகுந்தால் இமயமலை. ஸ்மெக்டைட் மிகுந்தால் தக்காணத்து எரிமலைப் பாறை, அதாவது கிருஷ்ணா, கோதாவரி. நம் தீபகற்பத்துப் பழம்பாறைகளை நியோடிமியம் என்னும் தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளுக்கு (ஐசோடோப்) இடையிலான விகிதம் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

சுனாமியின்போது எங்கள் ஊரில் கறுப்பு மண் ஏறியது. அது ஆழ்கடல் மண்ணா?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கரையோரக் கிராமங்களில் இந்தக் கேள்வியைத் துயரத்தோடு கேட்டார்கள். வீட்டுக்குள் ஏறிய அந்த மண்ணை வாரிக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. நம் கரையில் படிந்த மணலில் ஆய்வாளர்கள் கண்ட ஃபொராமினிஃபெரா பெரும்பாலும் ஆழம் குறைந்த, கரையை ஒட்டிய கடலுக்குரியவை. ஆகவே அது கடற்கரை மணலும் கண்டத்திட்டின் உட்பகுதி மண்ணும்தான். கறுப்பு நிறம் ஆழத்தின் அடையாளமன்று: இல்மனைட் போன்ற கனமான கருமணலும், உயிர்ப்பொருள் மட்கிய கரையோரச் சேறும் அந்த நிறத்தைத் தருகின்றன.

மாட்டுக்குப் போடுகிற அசோலா வடதுருவக் கடலுக்கடியில் கிடைத்தது என்று என் பிள்ளை சொல்கிறான். நிஜமா?

நிஜம்தான் அம்மா. 2004இல் வடதுருவத்திலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில், லோமோனோசோவ் முகட்டில் துளையிட்டபோது, ஏறத்தாழ 4.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சேற்றில் அசோலாவின் வித்துகள் ஏராளமாகக் கிடைத்தன. நம் நெல்வயலிலும் சிமெண்ட் தொட்டியிலும் மிதக்கும் அதே பேரினச் செடி. அசோலா உப்புநீரில் தழைக்காது. ஆகவே அக்காலத்து ஆர்க்டிக் கடல் ஏறத்தாழ மூடுண்ட தொட்டி போல இருந்து, கனத்த மழையாலும் ஆறுகளாலும் மேற்பரப்பில் நன்னீர்ப் படலம் கட்டியிருந்தது என்று முடிவு செய்தார்கள். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெருவித்தும் நுண்வித்துத் திரளும் பிரியாமல் ஒட்டியபடியே பெருந்தொகையாக இருந்ததால், அவை அங்கேயே வளர்ந்து மடிந்தவை என்று கொண்டார்கள்.

எங்கள் போரில் நூறு அடிக்குள் கிளிஞ்சல் வந்தது. அப்படியானால் இங்கே ஆழ்கடல் இருந்ததா?

அந்தக் கிளிஞ்சல் ஆழ்கடலுக்குரியதன்று. தடித்த ஓடுள்ள சிப்பியும் மட்டியும் கழிமுகத்திலும் ஆழம் குறைந்த கடலிலும் வாழ்பவை. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பிறகு ஏறி உள்ளே வந்தது. இப்படிக் கடல் பலமுறை வந்தும் போயும் இருப்பதால், களி, மணல், கிளிஞ்சல் என்று உங்கள் போரில் மாறி மாறி வருகிறது.

ஆனால் மிகக் கீழே கதை வேறு. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியபோது நிலம் பிளந்து தாழ்ந்ததால் உண்டானதே காவிரிப் படிவுப்படுகை. சில பள்ளங்களில் படிவின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல். அவற்றில் ஒரு பகுதி, கரைக்கு அப்பால் ஆழ்ந்த நீரில் படிந்த களியும் கலங்கல் மணலும்தான். நாம் நாற்று நடும் சேற்றுக்குக் கீழே அத்தகைய கடற்சேறு கல்லாகிக் கிடக்கிறது.

பெரம்பலூர் காரையில் ஜிப்சம் கிடைக்கிறதே, அங்கே கடல் வற்றியதா?

காரையில் வெளிப்பட்டிருப்பது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடற்களி. அதில் பெலம்னைட், அமோனைட் போன்ற, திறந்த கடலில் நீந்திய உயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன. ஜிப்சமோ களியின் அடுக்குகளை வெட்டிக்கொண்டு கொடி போல ஓடுகிறது. களி மேலே வெளிப்பட்ட பிறகு, அதிலிருந்த பைரைட் காற்றுப் பட்டு அமிலமாகிச் சுண்ணாம்போடு சேர்ந்ததால் பின்னாளில் உண்டானது அது.

கடல் வற்றிய இடத்தின் ஜிப்சம் அடுக்கோடு அடுக்காகவே படியும். 1970இல் ‘குளோமார் சேலஞ்சர்’ கப்பல் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் துளையிட்டபோது அப்படிப்பட்ட உப்புப் படிவுகளைக் கண்டது; ஜிப்ரால்டர் வழி அடைபட்டு, 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை அக்கடல் பெருமளவு வற்றியிருந்தது என்று தெரியவந்தது. ஒரே கனிமம்தான், அது அடுக்காக இருக்கிறதா, கொடியாக இருக்கிறதா என்பதில் முடிவு தலைகீழாகிறது.

மிதக்கும் வகை ஃபொராமினிஃபெரா கூடினால் ஆழம் கூடியது என்று பாடத்தில் இருக்கிறது. அதை நம்பலாமா?

பொதுவாக நம்பலாம். கரையிலிருந்து விலக விலக, தரையில் வாழும் வகை குறைந்து மிதக்கும் வகை பெருகும். ஆனால் மிதக்கும் வகையின் ஓடு மெல்லியது. ஈட்டு ஆழத்தை நெருங்கும்போது அதுவே முதலில் கரையும். எஞ்சிய தடித்த ஓடுகளை மட்டும் எண்ணினால், மிக ஆழமான இடம் கரையோரம் போலத் தோன்றும். ஓடுகளில் உடைசலும் அரிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே எண்ண வேண்டும். மணல்துகளை ஒட்டி ஓடு கட்டும் வகை மட்டுமே எஞ்சியிருந்தால், அந்த இடம் கரைவு எல்லைக்குக் கீழே இருந்திருக்கவும் கூடும்.

எந்த அடுக்கு எந்தக் காலம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை ஓட்டில் உள்ள, காலம் போகப்போகச் சிதைந்து குறையும் கார்பன் வகையான ரேடியோகார்பன் உதவும். அதற்கு அப்பால், சுமாத்திராவின் டோபா எரிமலை 74,000 ஆண்டுகளுக்கு முன்பு உமிழ்ந்த சாம்பல் அடுக்கு வங்கக்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் நல்ல மைல்கல். அதற்கும் முன்னே, ஏறத்தாழ 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காந்தத் திசை மாறியது சேற்றின் இரும்புத் துகள்களில் பதிந்திருக்கிறது. அடித்தள நீரோட்டம் சில அடுக்குகளை அரித்துக்கொண்டு போயிருந்தால், இடையில் காலம் விடுபட்டிருப்பதும் இவற்றால் தெரியவரும்.

புகாரைக் கடல் கொண்ட காலத்தை ஆழ்கடல் சேறு சொல்லுமா?

சொல்லாது. 1000 ஆண்டுகள் ஓரிரு சென்டிமீட்டரில் அடங்கி, அதையும் புழுக்கள் கலக்கிவிட்ட இடத்தில் ஒரு நகரத்தின் அழிவைத் தேட முடியாது. வேகமாகப் படியும் கழிமுகச் சேற்றிலும் கரையோரக் கண்டத்திட்டிலும்தான் தேட வேண்டும்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் கடைசியில் எண்ணெய் எடுக்கத்தானே?

கேட்பவரின் கவலை எனக்குப் புரிகிறது. கருங்களியைப் பற்றி மேலே சொன்னது எண்ணெய்த் தேடலுக்கும் பயன்படுகிறது. மட்காமல் புதைந்த உயிர்ப்பொருளே எண்ணெயின் மூலம் என்பதையும், டெல்டாவில் தோண்டிய கிணறுகளின் துண்டுகளில் ஃபொராமினிஃபெராவைப் பார்த்தே அடுக்குகளை அடையாளம் கண்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தோண்டலாமா என்பது நிலத்தில் வாழ்பவர்கள் முடிவுசெய்ய வேண்டியது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் அந்தக் குரலிலிருந்தே பிறந்தது. அதே சேறுதான் பருவமழையின் வரலாற்றையும் சொல்கிறது என்பதால், படிப்பதை விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து.

இதையெல்லாம் நாங்கள் நேரில் பார்க்க முடியுமா?

காரையின் களிமேடுகளையும், அரியலூர் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்து வரலாம். காரையில் எதையும் பெயர்த்தெடுக்காமல், படம் மட்டும் எடுத்து வாருங்கள்.

ஃபொராமினிஃபெராவை வீட்டிலேயே பார்க்கலாம். கடலோரத்தில் அலை ஏறி இறங்கும் இடத்து மணலில் ஒரு கைப்பிடியோ, உங்கள் போரிலிருந்து வந்த கிளிஞ்சல் மண்ணோ எடுத்து ஓரிரவு தண்ணீரில் ஊறவையுங்கள். அரிசி களைவது போலக் கலங்கல் நீரை மெல்ல வடித்து வடித்து, நீர் தெளிந்த பிறகு, கல் அரிப்பது போலப் பாத்திரத்தைச் சுழற்றினால் இலகுவான ஓடுகள் மேலாக ஒதுங்கும். அவற்றை நிழலில் உலர்த்தி, கறுப்புத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பாருங்கள். எடுத்த இடம், ஆழம், நாள் மூன்றையும் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி அந்த மண்ணோடு போட்டு வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.